கேஸ் தீர்ந்து போகாது: ஃப்ரிட்ஜ் பற்றி வாசகர்களின் கேள்விகள்

ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் தொழிலுக்கு நான் வந்து இது 27-வது வருடம். வந்திருக்கும் கடிதங்களை எல்லாம் பிரித்துப் படித்தேன். பாதிக்கு மேல் ‘கேஸ்’ என்ற ஒரு சொல்லையே சுற்றிச் சுற்றி வருகின்றன. குளிரவில்லையா, கேஸ் போச்சு. தண்ணீர் ஒழுகுகிறதா, கேஸ் போச்சு. நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் பெரும்பாலும் பழுது வேறு எங்கோ இருக்கும். தூசியில், பனிக்கட்டியில், கதவு ரப்பரில், காற்று போக வழி இல்லாத மூலையில். அதனால் கேஸ் பற்றிய கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, எங்கள் ஃப்ரிட்ஜுக்கு ஆறு வயது. இரண்டு வருடமாகக் குளிர்ச்சி குறைந்து, ஒவ்வொரு முறையும் கேஸ் நிரப்பினோம். இப்போது மறுபடியும் குறைகிறது. வருடத்துக்கு ஒரு தடவை கேஸ் போடுவது எல்லா ஃப்ரிட்ஜுக்கும் வழக்கம்தான் என்கிறார் வருகிற மெக்கானிக். உண்மைதானா?

உண்மை இல்லை. அடுப்பில் எரியும் கேஸ் எரிந்து தீர்ந்துவிடும். ஃப்ரிட்ஜில் இருக்கும் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்புகிறது. பின்பக்கத்திலோ பக்கச் சுவருக்குள்ளோ இருக்கும் காயில் என்ற வளைந்து வளைந்து போகும் குழாயில் அது தன் சூட்டை அறைக்குள் விட்டுவிட்டுத் திரவமாகிறது. அப்புறம் கேபிலரி என்று நாங்கள் சொல்கிற மிக மெல்லிய குழாய் வழியாகப் புகுந்து, ஃப்ரீசர் காயிலுக்குள் போனதும் அழுத்தம் விழுந்து கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டை உள்ளே இருக்கும் காற்றிலிருந்தும் பண்டங்களிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்து போய் வெளியே கொட்டுகிறது. இது ஒன்று மனதில் நின்றால் மற்ற பதில்கள் எல்லாம் தானாகப் புரியும்.

ஆகவே கேஸ் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். உங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது அதுதான்.

இந்த முறை மெக்கானிக் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி, பற்றவைத்த இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கொப்புளம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்த பிறகு ஃபில்டரை மாற்ற வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும் சின்னச் செப்புக் குப்பி. குழாயைத் திறந்தாலே பழையதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அப்புறம் வேக்யூம் பம்ப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மிச்சமிருக்கும் ஈரம் கேபிலரியின் வாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். கடைசியாகத்தான் கேஸ். அதுவும் தராசில் எடை பார்த்து, ஃப்ரிட்ஜின் பின்புறமோ உள்சுவரிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவு மட்டும். கையால் தொட்டுப் பார்த்து ‘போதும்’ என்று நிறுத்துவது பழைய பழக்கம். ஐம்பது, அறுபது கிராம் மட்டுமே பிடிக்கும் ஃப்ரிட்ஜில் பத்து கிராம் வித்தியாசமே வேலையைக் கெடுத்துவிடும்.

கேஸ் குறைவா, வேறு பழுதா என்று நீங்களே ஓரளவு தெரிந்துகொள்ள வழி உண்டு. ஃப்ரீசர் தகடு கண்ணுக்குத் தெரிகிற ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால், தகடு முழுக்கச் சீராகப் பனி படிகிறதா என்று பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் பனி கட்டி, மற்ற இடம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம், அல்லது குழாயில் அடைப்பு. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் வெளிக்காயில் சூடாகவே இல்லை என்றாலும் அதேதான். ஆனால் காயில் நன்றாகச் சூடாக இருந்து, உள்ளே மட்டும் குளிரவில்லை என்றால் கேஸ் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுக் காயிலில் தூசி இருக்கிறதா, கதவு சரியாக மூடுகிறதா, காற்று சுற்றுகிறதா என்று பாருங்கள்.

ஒரு வீட்டில் ‘கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தேன். பின்னால் இருந்த காயிலின் கம்பிகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியது போலத் தூசி. காயிலுக்கும் சுவருக்கும் நடுவில் மடித்து வைத்த பைகள் வேறு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, தூசியை வேக்யூம் கிளீனரால் இழுத்தேன். அரை மணி நேர வேலை. மறுநாள் காலையில் அந்த அம்மா போன் செய்து, ராத்திரி கம்ப்ரஸர் நிற்கும் சத்தம் கேட்டதாகச் சொன்னார். நின்று ஓடுகிறது என்றால் உள்ளே போதுமான குளிர் வந்துவிட்டது என்று பொருள். சூட்டைக் கொட்ட இடம் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த கம்ப்ரஸர் அது. பின்பக்கக் காயில் இருக்கிற ஃப்ரிட்ஜ் என்றால் வருடத்துக்கு இரண்டு முறை இப்படிச் சுத்தம் செய்யுங்கள்.

ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி உறைகிறது. ஆனால் கீழ்ப்பகுதியில் பால் கெட்டுப் போகிறது. ஃப்ராஸ்ட்-ஃப்ரீ மாடல், இரண்டு கதவு. இது எப்படி?

எனக்கு அதிகம் வரும் அழைப்பு இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃப்ராஸ்ட்-ஃப்ரீ என்றால் பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வகை. உங்கள் மாடலில் குளிர்க்காயில் ஒன்றுதான். அது ஃப்ரீசரின் பின்சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு சின்ன மின்விசிறி அந்தக் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்கும், ஒரு குழல் வழியாகக் கீழ்ப்பகுதிக்கும் தள்ளுகிறது. மேலே உறைந்து கீழே குளிரவில்லை என்றால் காற்று கீழே வரவில்லை. கேஸுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை.

முதலில் செலவில்லாத காரணத்தைப் பாருங்கள். பல மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் திருகு உண்மையில் காற்றைப் பங்கு போடும் ஒரு சின்னக் கதவுதான். அதை முழுக்க ‘அதிகக் குளிர்’ பக்கம் திருகினால் காற்று எல்லாம் ஃப்ரீசருக்கே போய், கீழே வருவது குறைந்துவிடும். ‘குளிரவில்லையே’ என்று நீங்கள் திருகத் திருகக் கீழே இன்னும் சூடாகிக்கொண்டே போகும். அதை நடுவில் வைத்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கீழ்ப்பகுதியின் பின்சுவரில் காற்று வரும் துவாரங்களை ஏதாவது பாத்திரம் அடைத்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள்.

அது சரியாக இருந்தால் அடுத்தது மின்விசிறி. கதவைத் திறந்ததும் அது நின்றுவிடும், அதனால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கதவு ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கதவு மூடும்போது அமுங்குவது அதுதான். கம்ப்ரஸர் ஓடும் நேரத்தில் ஃப்ரீசர் கதவைத் திறந்து அந்தப் பொத்தானை விரலால் அமுக்கிப் பிடித்துக் காதைக் கொடுங்கள். மெல்லிய ‘உர்ர்’ சத்தமும் முகத்தில் காற்றும் வந்தால் விசிறி நலம். சத்தமே இல்லை என்றால் விசிறி போயிருக்கலாம். ‘கர் கர்’ என்று உரசல் கேட்டால் இறக்கை ஐஸில் மோதுகிறது. சில மாடல்களில் பொத்தானுக்குப் பதில் காந்தம் இருக்கும், அதில் இந்தச் சோதனை செய்ய முடியாது.

ஐஸில் மோதுவதுதான் இந்தப் பழுதின் மையம். காயிலில் படியும் பனியை உருக்க, கம்ப்ரஸர் சில மணி நேரம் ஓடியதும் ஒரு ஹீட்டர் தானாக எரியும். டைமர், ஹீட்டர், சென்சார் மூன்றில் ஒன்று பழுதானாலும் பனி உருகாமல் படிந்துகொண்டே போய், கடைசியில் காயில் முழுவதும் ஒரே ஐஸ் பாளமாகிவிடும். காற்று நுழைய வழி இருக்காது. ஃப்ரீசர் அந்த ஐஸின் குளிரிலேயே கொஞ்ச நாள் ஓட்டிவிடும். கீழே உள்ள பால் முதலில் கெடும்.

இதை உறுதி செய்ய ஒரு வழி: பண்டங்களை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து வைத்து, 24 மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துணிகளைப் போட்டு வையுங்கள், தண்ணீர் நிறைய வரும். அப்புறம் ஓடவிட்டால் இரண்டு பகுதியும் அருமையாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி கீழே சூடாகிறது என்றால் டிஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கும் அமைப்பின் பழுதுதான். மெக்கானிக்கிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் பாதி வேலையை முடித்துக் கொடுத்திருப்பீர்கள். கேஸ் என்ற பேச்சும் எழாது.

காய்கறி டப்பாவுக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்குகிறது. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது.

வடிகால் துளை அடைத்திருக்கிறது, அம்மா. பனி உருகும் தண்ணீர் ஒரு துளை வழியாகக் கீழே இறங்கி, கம்ப்ரஸரின் மேல் இருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டில் ஆவியாகிவிட வேண்டும். துளையில் ஒரு கீரைத் துணுக்கோ பிளாஸ்டிக் துண்டோ சிக்கினால் தண்ணீர் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே தேங்கிவிடும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் கீழ்ப்பகுதியின் பின்சுவரில், காய்கறி டப்பாவுக்குச் சற்று மேலே, ஒரு சின்ன வாய்க்கால் போன்ற பள்ளமும் அதன் நடுவில் துளையும் தெரியும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அந்தத் துளையில் மெதுவாக அழுத்துங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். கம்பி விட்டுக் குத்தவும் வேண்டாம், குழாய் இணைப்பு கழன்றுவிடும். இரண்டு மூன்று முறை செய்தால் ‘களக்’ என்று சத்தம் கேட்டு, பின்னால் தட்டில் தண்ணீர் விழும். ஃப்ராஸ்ட்-ஃப்ரீயில் துளை ஃப்ரீசர் பலகைக்குப் பின்னால் இருக்கும். அது ஐஸால் அடைத்திருந்தால் முந்தைய பதிலில் சொன்ன 24 மணி நேர வழி உதவும்.

பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசரில் பாத்திரம் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. கத்தியால் நெம்பலாமா?

வேண்டவே வேண்டாம். நான் உதவியாளனாகச் சேர்ந்த முதல் மாதத்தில், கத்தியால் நெம்பிய ஒரு ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போனோம். ஃப்ரீசர் தகட்டில் கடுகளவு ஓட்டை. ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான் என்று அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஒரு நொடியில் கேஸ் முழுக்கப் போய்விட்டது. அந்தத் தகடு அலுமினியம். கேஸ் ஓடும் பாதை தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. அலுமினியத்தை ஒட்டவைப்பது செம்பைப் போலச் சுலபமில்லை. என் ஆசான் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பையை மூடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு, ஃப்ரீசருக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துக் கதவைச் சாத்துங்கள். கால் மணி நேரத்தில் பாத்திரம் தானாக விட்டுவிடும். பனி அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு வந்ததுமே டிஃப்ராஸ்ட் செய்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும் பிரச்சினையே வராது. பனி ஒரு போர்வை. அது தடிமனாக ஆக ஆகக் குளிர் வெளியே வராது, மின்சாரமும் கூடுதலாகும்.

ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கச் சுவர்களும் சூடாக இருக்கின்றன. ஆபத்தா?

இல்லை. உங்கள் மாடலில் சூட்டை வெளியேற்றும் காயில் பக்கச் சுவருக்குள் இருக்கிறது. சுவரில் ஒட்டி நிறுத்தாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், துணி போட்டு மூடாதீர்கள்.

இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை பின்னால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. கொஞ்சம் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. உள்ளே குளிர் இல்லை.

கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது. நீங்கள் கேட்கும் ‘டிக்’ ஓவர்லோட் என்ற பாதுகாப்புச் சாதனத்தின் சத்தம். மோட்டார் சுழலாமல் கரண்ட்டை மட்டும் இழுத்தால் சூடேறிக் கருகிவிடும். அதற்கு முன் இது துண்டித்துவிடுகிறது. ஆறியதும் மறுபடி இணைக்கிறது, மறுபடி ‘டிக்’. இப்படியே ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும். வோல்டேஜ் குறைவு: விளக்குகள் மங்கி எரிந்தால் அதுதான். ரிலே பழுது: கம்ப்ரஸரின் பக்கவாட்டில் சொருகியிருக்கும் சின்னப் பொருள். மெக்கானிக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். உள்ளே கலகல என்றால் உடைந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் பழுதுகளிலேயே இது மலிவான ஒன்று. மூன்றாவது, கரண்ட் போய் உடனே வந்தது. கம்ப்ரஸர் நின்றதும் ஒரு பக்கம் அழுத்தம் அதிகமாகவும் மறு பக்கம் குறைவாகவும் இருக்கும். அது கேபிலரி வழியாக மெதுவாகச் சமமாக வேண்டும். ரிலேயும் ஆற வேண்டும். அதற்குள் கிளம்பச் சொன்னால் கிளம்பாது. ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் போதும். நான்காவதுதான் கம்ப்ரஸரே பழுது. முதல் மூன்றையும் பார்க்காமல் நான்காவதற்குப் போகிறவரிடம் ‘ரிலேயைப் பார்த்தீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

புது ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர். நிற்கவே மாட்டேன் என்கிறது. பழையது நின்று நின்று ஓடுமே?

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மெதுவாக, நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் வழி. அதனால்தான் மின்சாரமும் குறைவாக எடுக்கிறது. உள்ளே குளிர் சரியாக இருந்தால் கவலை வேண்டாம்.

குளிர் சரியா என்று எப்படித் தெரியும்? கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது. ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்து நடுத் தட்டில் ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கதவைத் திறந்த உடனே படியுங்கள். 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசருக்கு மைனஸ் 18. திருகில் போட்டிருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி அல்ல. பெரும்பாலான மாடல்களில் எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான்.

கதவு ஓரம் முழுக்க வேர்க்கிறது. ரப்பர் மாற்ற வேண்டுமா?

முதலில் ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சற்றுப் பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் இடைவெளி. மேலே, கீழே, கீல் பக்கம், நான்கு மூலை என்று சுற்றிலும் பாருங்கள்.

பல வீடுகளில் ரப்பர் நன்றாகவே இருக்கும்; மடிப்புக்குள் பிசுக்கும் துணுக்கும் ஒட்டி அதை நிமிரவிடாமல் வைத்திருக்கும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷை நனைத்து மடிப்புக்குள் விட்டுத் தேய்த்துத் துடையுங்கள். ஒரு இடத்தில் மட்டும் உள்ளே மடங்கியிருந்தால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டி, விரலால் நிமிர்த்திவிட்டு, கதவைச் சாத்தி ஆறவிடுங்கள். ரப்பருக்குள் ஒரு காந்தப் பட்டை இருக்கிறது, அதுவே இழுத்துப் பிடித்து வடிவத்துக்குக் கொண்டுவரும். கிழிந்திருந்தாலோ காய்ந்து விறைத்திருந்தாலோ மட்டும் மாற்றுங்கள். முன்கால்களைக் கொஞ்சம் உயர்த்தி ஃப்ரிட்ஜ் துளி பின்சாய்வாக நிற்கும்படி வைத்தால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

இவ்வளவும் சரியாக இருந்து, காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் மட்டும் வேர்த்தால் துடைத்துவிட்டால் போதும்.

லேபிளில் ‘ஆர்-600ஏ, 60 கிராம், தீப்பற்றக்கூடியது’ என்று போட்டிருக்கிறது. சமையலறையில் வைக்கப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் புரிகிறது. அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் கேஸ்தான். ஆனால் அளவைப் பாருங்கள். உங்கள் லேபிளில் 60 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுவதும் வெளியே வந்தாலும் ஏறத்தாழ 25 லிட்டர் வாயு. சாதாரணச் சமையலறை ஒன்றில் 20,000 லிட்டர் காற்றாவது இருக்கும். அதில் கலந்தால் ஏறத்தாழ 0.125 சதவீதம்தான் ஆகும். தீப்பிடிக்க ஏறத்தாழ 1.8 சதவீதமாவது வேண்டும். அறையில் பயமில்லை. மூடிய ஃப்ரிட்ஜுக்குள்ளேயே கசிந்து தேங்கினால்தான் ஆபத்தான அளவு சேர முடியும். ஆகவே ஃப்ரிட்ஜுக்குள் நீங்களாக மின்சாதனம் எதையும் வைக்காதீர்கள், துளை போடாதீர்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ஜன்னல் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். முக்கியமாக, கேஸை முழுக்க வெளியேற்றாமல், ஜன்னலைத் திறக்காமல் குழாயில் நெருப்பு வைக்கும் மெக்கானிக்கைத் தடுத்து நிறுத்துங்கள். எங்கள் தொழிலில் உயிர் போவது அந்த அவசரத்தில்தான்.

இந்தக் கேஸுக்கு ஏன் வந்தோம் என்றும் சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்கு முன் ஃப்ரிட்ஜ்களில் சல்பர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருந்தன. கசிந்து உயிர்கள் போயின. 1928-இல் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் மிட்ஜ்லியின் குழு எரியாத, நச்சில்லாத ஆர்-12 என்ற கேஸைக் கண்டுபிடித்தது. எல்லோரும் நிம்மதியானார்கள். 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் அந்த வகை வாயுக்கள் ஓசோன் படலத்தைத் தின்னும் என்று எச்சரித்தார்கள். 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து அவை படிப்படியாக விலக்கப்பட்டன. அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. ஐசோபியூட்டேனில் இந்த இரண்டு கேடும் அநேகமாக இல்லை. கவனமாகக் கையாள வேண்டும் என்ற நிபந்தனையோடு, வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நான் பார்த்ததில் நல்ல கேஸ் இதுதான்.

நீண்ட நேரம் கரண்ட் போனால் உள்ளே இருப்பதை எவ்வளவு நேரம் நம்பலாம்?

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். நிறைந்திருந்தால் உறைந்த பண்டங்களே ஒன்றையொன்று குளிர்வித்துக்கொள்ளும். அதனால் ஃப்ரீசரில் இடம் மிச்சமிருந்தால் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறையவிட்டு வையுங்கள்.

வெளியூர் போய் வருகிறவர்களுக்கு ஒரு வழி: சில ஐஸ் கட்டிகளைத் தனித்தனியாக ஒரு பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது அவை கட்டிகளாகவே இருந்தால் கவலையில்லை. ஒரே பலகையாக உறைந்து கிடந்தால் நடுவில் கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த இறைச்சியையும் மீனையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். வாசனை பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமிகள் வாசனையால் தங்களைக் காட்டிக்கொடுப்பதில்லை.

கைப்பிடியைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, செருப்பு போட்டுக்கொண்டால் இல்லை.

செருப்பு தீர்வு இல்லை. இதைப் படித்ததும் செய்யுங்கள்: ஃப்ரிட்ஜைத் தொடாமல் மெயின் ஸ்விட்சை அணைத்து, அப்புறம் பிளக்கைப் பிடுங்குங்கள். உள்ளே எங்கோ மின்கசிவு இருக்கிறது, உங்கள் சாக்கெட்டில் எர்த்தும் வேலை செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் உடம்புக்கு ஷாக் வரும். எலக்ட்ரீஷியன் எர்த்தையும், மெக்கானிக் ஃப்ரிட்ஜையும் பார்த்து முடிக்கும் வரை திரும்பப் போடாதீர்கள். குழந்தை ஈரக் கையோடு தொட ஒரு நொடி போதும்.

வீடு மாறுகிறோம். ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா?

நிமிர்த்திக் கொண்டுபோவதே சரி. வேறு வழியில்லாமல் படுக்கவைத்தால், புது வீட்டில் நிறுத்தி ஒரு நாள் விட்டுவிட்டு ஓடவிடுங்கள். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும், அது திரும்பி வர வேண்டும்.

பழைய ஃப்ரிட்ஜை வாங்க ஆள் வரும்வரை மாடியில் போட்டு வைத்திருக்கிறோம். மழையில் நனைந்தால் ஏதும் ஆகுமா?

மழையை விடுங்கள். கதவு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கண்ணாமூச்சி ஆடும் குழந்தைக்குக் காலி ஃப்ரிட்ஜைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் காற்று வராது. அந்தக் கனமான சுவரைத் தாண்டிச் சத்தமும் வெளியே கேட்காது. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் வெளியே தாழ்ப்பாள் போன்ற பிடி இருந்தது, உள்ளிருந்து திறக்கவே முடியாது. இப்படிக் குழந்தைகள் தொடர்ந்து இறந்ததால் அமெரிக்காவில் 1956-இல் சட்டமே போட்டார்கள், உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று. இன்றைய காந்த ரப்பரைத் தள்ளித் திறக்கலாம் என்பது உண்மை. ஆனால் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருந்தாலோ, கதவைக் கயிற்றால் கட்டியிருந்தாலோ எந்தக் குழந்தையாலும் திறக்க முடியாது.

மேல் கீலில் இரண்டு மூன்று ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றைக் கழற்றிக் கதவைச் சற்று மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். கனமாக இருக்கும், இரண்டு பேராகச் செய்யுங்கள். தட்டுகளை உள்ளேயே விட்டுவையுங்கள், இடம் இல்லாவிட்டால் குழந்தை நுழையாது. கேஸ் குழாயை மட்டும் நீங்களாக வெட்டாதீர்கள். வாங்க வருகிறவரிடம் கேஸை முறையாக இறக்கத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கதவை இன்று சாயங்காலத்துக்குள் கழற்றிவிடுங்கள்.